மாமனார் ஜன்னலைச் சாத்திய விவகாரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். உங்கள் மகளின் வயிற்றுக்குள் குடியிருந்துகொண்டு அவளைத் தூங்கவிடாமல் உதைக்கிற நபரும் சுகம் என்று டாக்டரம்மா சொல்கிறார். அங்கே உங்கள் முதுகுவலியும் அத்தையின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதுவரை எழுதியது மரியாதைக்காக. இனிமேல் எழுதப்போவது என் மானத்துக்காக.

அன்று மத்தியானம் வீடியோ காலில் படம் உறைந்துபோனதிலிருந்து நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். எப்போது கூப்பிட்டாலும் அத்தைதான் எடுக்கிறார். "அவர் பேசலையாம்" என்கிறார். பின்னால் நீங்கள் தொண்டையைச் செருமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. போனால் போகட்டும், மாப்பிள்ளை மேல் கோபம் எல்லா வீட்டிலும் உண்டு என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் பிரசவத்துக்கு எப்போது கிளம்புகிறாய் என்று உங்கள் மகள் அத்தையைக் கேட்டபோது, தான் மட்டும் கிளம்பி வருவதாக அத்தை சொல்ல, "அங்கே எனக்கென்ன வேலை?" என்று நீங்கள் பின்னாலிருந்து சொன்னீர்களே, அதற்குப் பிறகு அவள் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரே குட்டித் துண்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். என்னம்மா என்றேன். "அப்பா பக்கத்துல இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மாமா, கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து வெளியே விடுகிறவள் அவள். பயம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு இந்தக் கடிதம். கணினி வழியாக அனுப்பாமல் கையால் எழுதுவதற்குக் காரணம், கணினி வழியாக அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதியைப் படித்து நீங்கள் இன்னும் கோபப்படுவீர்கள்.

அன்று நீங்கள் காதால் கேட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். படம் உறைந்ததும் அழைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துப் போனைத் தண்ணீர்ப் பாட்டில் மேல் சாய்த்து வைத்துவிட்டு நான் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். வேலையெல்லாம் முடிந்து போனை எடுத்தால் அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. திரையில் நீங்கள். புருவம் இரண்டும் நெற்றியில் ஏறி, வாய் பாதி திறந்து, ஒரு கை முகத்துக்கு நேரே உயர்ந்து, அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இடைப்பட்ட நேரத்தில் எங்கள் அலுவலக அறையில் பேசியதை ஒரு வார்த்தை குறைக்காமல் கீழே எழுதுகிறேன். குறைத்து எழுதினேன் என்ற பழி எனக்கு வேண்டாம். பேசியவர்கள் மூன்று பேர். ஒன்று நான். இன்னொருவர் எங்கள் குழுத்தலைவர், அவரைத் தாடி என்போம், காரணம் பார்த்தாலே தெரியும். மூன்றாவது, நாங்கள் எழுதியதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற பெண். அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். காலை வணக்கம் சொன்னால்கூட எந்த ஊர்க் காலை என்று கேட்பாள்.

சந்தேகம் சொன்னாள்: "மாமனார் மறுபடியும் ஜன்னலைச் சாத்திட்டார்."

நான் கேட்டேன்: "உயிர் இருக்கா பாரு."

"உயிர் இருக்கு. ஆனா பேச்சு மூச்சைக் காணோம்."

தாடி சொன்னார்: "இந்த மனுஷனோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுறது? கொன்னுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

இதற்கு நான் சொன்ன பதில்தான் உங்களை ரொம்பவும் புண்படுத்தியிருக்கும். "இப்பக் கொல்லாதீங்க, தடயமெல்லாம் அழிஞ்சு போயிடும். அப்படியே கிடக்கட்டும். உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்த்துட்டு அப்புறம் கொல்லலாம்."

மாமா, கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்கள். மாமனார் என்பது ஒரு கணினி.

எங்கள் சோதனை அறையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று மூலையில் இருக்கும் பெரிய பழைய பெட்டி. எழுப்பினால் மெதுவாக எழும், எழுந்ததும் உறுமும், அதன் பக்கத்தில் போக எல்லோருக்கும் ஒரு தயக்கம். இன்னொன்று ஒல்லியான புதுசு, ஓயாமல் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் அந்த அலுவலகத்தில் சேர்வதற்கு முன்பே, உங்கள் மகளை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, பெரியதற்கு மாமனார் என்றும் ஒல்லிக்கு மாப்பிள்ளை என்றும் யாரோ சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை நான் ஒட்டவில்லை. வேண்டுமானால் தாடியிடம் கேளுங்கள். அவர் சத்தியம் செய்வார், செய்யாவிட்டால் நான் செய்ய வைக்கிறேன். கொல்வது என்றால் ஓடிக்கொண்டிருக்கிற நிரலை நிறுத்துவது. எங்கள் தொழிலில் இந்த வார்த்தையைக் காலையிலிருந்து மாலைவரை சொல்வோம். இதுவரை ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் வந்ததில்லை.

சரி, மாமனார் ஏன் ஜன்னலைச் சாத்தினார்? இங்கேதான் மாமா, குற்றம் சாட்டிய நீங்களே காரணமாக வந்து நிற்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளையின் ஸ்கேன் படத்தை அனுப்பியிருந்தேன். படம் உறைந்த அன்றைக்குச் சில நாள் முந்தி, வீடியோ காலில் நீங்கள் முதலில் சொன்னதே அதைத்தான்: "மாப்பிள்ளை, குழந்தை மூக்கு வரைக்கும் வந்துச்சு. அதுக்குக் கீழே ஒண்ணையும் காணோம். உங்க கம்பெனிச் சாமான் இவ்வளவுதானா?" உங்கள் கூடத்துக் கணினியில் எங்கள் நிறுவனத்தின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்ததே நான்தான். அதற்குள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பகுதி எங்கள் மூன்று பேரின் பொறுப்பு. படத்தை நான் அனுப்பிய கணினியிலும் அதே சரக்குதான். நீங்கள் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. மறுபடி அனுப்பினேன், இந்த முறை நெற்றியோடு நின்றது. அதே படத்தை எங்கள் அறையில் மாப்பிள்ளையிலிருந்து மாமனாருக்கு அனுப்பிப் பார்த்தோம். சில தடவை முழுசாகப் போனது. சில தடவை பாதியில் நின்று, நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. பிழை என்று சொன்னாலாவது திட்டலாம்.

நீங்கள் வாழ்நாளெல்லாம் கிடங்கு மேலாளராக இருந்தவர், உங்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் முழுசாகப் போவதில்லை, பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பொட்டலம் சேர்ந்ததும் அந்தப் பக்கம் 'வந்தது' என்று ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். 'என் கிடங்கில் இன்னும் இவ்வளவு இடம் இருக்கிறது' என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் முறைக்கு டி.சி.பி. என்று பெயர். அந்தக் காலி இடத்துக்கு ஜன்னல் என்று பெயர். ஏன் ஜன்னல் என்று கேட்காதீர்கள், பெயர் வைத்தவர்களுக்குக் கதவு என்று தோன்றவில்லை. கிடங்கு நிரம்பிவிட்டால் 'இடமில்லை' என்று சீட்டு வரும், அதுதான் ஜன்னலைச் சாத்துவது. அதில் கோபதாபம் ஒன்றும் இல்லை. எங்கள் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கூட வாசலில் நின்றுகொண்டு என் பெரியப்பாவையே நெஞ்சில் கைவைத்து நிறுத்தி, "கொஞ்சம் நில்லுங்க, இடம் காலியானதும் நானே சொல்றேன்" என்றீர்களே, அதேதான். பெரியப்பா அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார் என்பது வேறு விஷயம்.

முதலில் தாடி கேபிள்மேல் பழிபோட்டார். அதை மாற்றுகிறேன் பேர்வழி என்று மேசைக்கு அடியில் புகுந்தவர் காலில் வேறொரு கேபிள் சிக்கி, எங்கள் மாடி முழுக்க நெட்வொர்க் போய்விட்டது. பக்கத்து அறையில் ஒரு அம்மா வீடியோவில் யாருக்கோ நேர்காணல் நடத்திக்கொண்டிருந்தார். திரையில் அந்தப் பையன் அசையாமல் நிற்பதைப் பார்த்து, கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறான் என்று நினைத்து, "பரவாயில்லப்பா, பதற்றப்படாதே" என்று வெகுநேரம் அவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவனுடைய நிதானத்தைப் பாராட்டி வேலையும் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. கேபிள் புதுசாயிற்று, மாமனார் அசையவில்லை. பிறகு நான், போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் படித்துக் குறித்துவைக்கும் ஒற்றன் நிரல் ஒன்றைக் கணினிக்குள்ளேயே ஏவிவிட்டேன். அது ஓடியதும் இரண்டு கணினிகளும் திடீரென்று உத்தமர்கள் ஆகிவிட்டன. ஒற்றன் எழுதுகிற வேகத்துக்கு அவை நிதானமாகப் பேச, படம் கால்நகம்வரை ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தது. ஒற்றனை நிறுத்தினால் மறுபடி மூக்கோடு நிற்கிறது. விருந்தாளி இருக்கும்போது மட்டும் சமர்த்தாக இருக்கிற குழந்தைகளை வளர்த்தவர்களுக்குத்தான் என் வேதனை தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கே தெரியும்.

ஒற்றனை வெளியே எடுத்து, இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு பெட்டியில் உட்கார வைத்தோம். அப்போதுதான் அகப்பட்டது. கடைசியாகப் போன சீட்டில் மாமனார் 'இடமில்லை' என்கிறார். மாப்பிள்ளை நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மௌனம். தாடி சொன்னார், மாமனார் சோம்பேறி, இடம் காலியானதும் சொல்லவில்லை என்று. சந்தேகம் மாமனாரின் உள்ளே திறந்து பார்த்தாள். கிடங்கு எப்போதோ காலி! 'இடம் இருக்கிறது, அனுப்பு' என்று அவர் சீட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தச் சீட்டு வழியில் தொலைந்திருக்கிறது. நெட்வொர்க்கில் பொட்டலம் தொலைவது சகஜம், தொலைந்தால் திரும்ப அனுப்புவார்கள். ஆனால் இந்தச் சீட்டுக்கு மட்டும் அந்த ஏற்பாடு கிடையாது, ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். சொல்லிவிட்டோமே, ஏன் அனுப்பவில்லை என்று மாமனார் காத்திருக்கிறார். சொல்லட்டும், அனுப்பலாம் என்று மாப்பிள்ளை காத்திருக்கிறது. இரண்டும் மரியாதை தெரிந்தவை, அதனால் உலகம் முடியும்வரை இப்படியே இருக்கும்.

"அப்போ இந்த மாதிரி நேரத்துல யார் முதல்ல வாயைத் திறக்கணும்?" என்று சந்தேகம் கேட்டாள்.

"அனுப்புறவன்தான்" என்றேன். விதி அப்படித்தான் இருக்கிறது. ஜன்னல் சாத்தியிருந்தால், அனுப்புகிறவன் ஒரு டைமர் வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒரு துளியை அனுப்பி, 'இப்போது இடம் இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். வெட்கமே படக்கூடாது.

"அப்போ உங்க மாப்பிள்ளை ஏன் கேட்கலை?" என்றாள்.

அதற்குப் பதில் எங்கள் நிரலில் இருந்தது. தாடிக்கு எதையும் அழகாக அடுக்கி வைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. அலுவலக அலமாரியில் தேநீர்க் குவளைகளையே உயரவாரியாக நிறுத்துவார். அந்த மனிதர் நிரலில் இரண்டு வரிகளை அழகுக்காக மேலும் கீழுமாக மாற்றி வைத்திருக்கிறார். அதனால், 'இடமில்லை' என்ற சீட்டு வந்ததும் மாப்பிள்ளை கேட்பதற்கான டைமரை முதலில் ஓடவிடுகிறது. அடுத்த வரியில், 'அனுப்பியதெல்லாம் சேர்ந்துவிட்டது, இனி டைமர் எதற்கு' என்று அதையே அணைத்துவிடுகிறது. முன்பு அணைத்துவிட்டுப் பிறகு ஓடவிட்டது, இப்போது ஓடவிட்டு அணைக்கிறது. அவ்வளவுதான் மாமா விஷயம். தாடியின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆனா பார்க்க நல்லா இருந்துச்சு" என்றார்.

வரிகளைப் பழையபடி மாற்றினோம். தொலைகிற சீட்டு தானாகத் தொலையும்வரை காத்திருக்கச் சந்தேகத்துக்குப் பொறுமையில்லை. அந்தச் சீட்டை மட்டும் வழியில் பறித்துக்கொள்கிற ஒரு நிரலை எழுதிவிட்டாள். வழிப்பறி நடந்தது. மாமனாரிடமிருந்து சத்தமில்லை. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளை கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. பிறகு கேட்டது. அடுத்த நொடியே மாமனார் திறந்துவிட்டார்! படம் மூக்கைத் தாண்டி, உதடு, தாடை, மூடிய குட்டிக் கை, மடக்கிய கால் என்று கடகடவென்று இறங்கியது. தாடி கைதட்டினார். சந்தேகம் திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்து, "இந்த மூக்கு உங்களுது இல்லையே. அன்னிக்கு உங்க போன்ல ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருந்தாரே, அவரோட மூக்கு" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன் மாமா. மூக்கு உங்களுடையதுதான். அவளே சந்தேகப்படாமல் சொல்லிவிட்டாள் என்றால் வேறு யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆகவே, கொல்லச் சொன்னது உங்களை அல்ல. உயிர் இருக்கிறதா என்று கேட்டது உங்கள் உயிரை அல்ல. திறந்து பார்க்கச் சொன்னது... அதைத் திரும்ப எழுத எனக்கே கூசுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். மேற்கொண்டு உங்களை நான் வற்புறுத்தப் போவதில்லை. பெரியவர்களின் கோபத்துக்கு ஒரு மரியாதை உண்டு, அதில் குறுக்கே விழுவது எனக்குப் பழக்கமில்லை. உங்கள் மனம் எப்போது இளகுகிறதோ அப்போது அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும். அதுவரை தொந்தரவு கொடுக்காமல், அமைதியாக, எவ்வளவு காலமானாலும் காத்திருப்பேன்.

அத்தைக்கு என் வணக்கம். அவருடைய முழங்காலுக்கு மாத்திரை தீர்ந்திருந்தால் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூன்று பேருக்கும் வேண்டும், மூன்றாவது ஆள் இப்போதும் உதைத்துக்கொண்டிருப்பதாக உங்கள் மகள் சொல்கிறாள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போடுவதற்கு முன் உங்கள் மகள் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள் மாமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டு. குழந்தை இப்போதே பிறந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு அத்தைக்குப் போன் போட்டாள். அத்தை சொன்னது இது: "அவருக்கு ஒண்ணும் கேட்கலைடி. அன்னிக்குத் தும்மல் வர்ற மாதிரி வந்து வராமப் போச்சு. படம் வேற நின்னுடுச்சா, எழுந்து செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டார். திரும்பி வந்து அவரேதான் கம்ப்யூட்டரை அணைச்சார்." ஆக, கொலை, தடயம், உயிர் எதுவுமே உங்கள் காதில் விழவில்லை. நானே உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறைக்காமல், அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் உங்களுக்குத் தெரிவித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, ஆனால் எழுதியது கை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், உங்கள் மகள் விடவில்லை. அப்பா இதைப் படித்தே ஆக வேண்டும் என்கிறாள்.

அப்புறம் எதற்குத்தான் மாமாவுக்குக் கோபம் என்று அத்தையிடம் நானே வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோபமெல்லாம் இல்ல மாப்பிள்ளை. பெட்டியெல்லாம் என்னிக்கோ கட்டியாச்சு. சட்டை வேணும்னா பெட்டியத் திறந்து எடுத்துப் போட்டுக்குறார், துவைச்சுக் காய்ஞ்சதும் மறுபடி அதுலயே மடிச்சு வைக்குறார். என்னை அனுப்பச் சொல்லித்தான் எல்லாரும் கேட்டீங்க. 'என்னையும்னு ஒருத்தரும் சொல்லலையே, கூப்பிடாம எப்படிப் போறது'ன்னு உட்கார்ந்திருக்கார்."

உங்கள் மகள் போனை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து விரல்வைத்துப் படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "டி.சி.பி., டைமர், தாடி எல்லாம் எழுதியிருக்கீங்க. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை எங்கே?" என்று கேட்டாள். நானும் தேடினேன். இல்லை.

வாங்க மாமா. அந்தப் பெட்டியோடயே வாங்க.